முதல் டிரையத்லான்: பயம் தண்ணீரிலா, மூச்சிலா?

கேள்வி: எனக்கு வயது 41. சென்னையில் வங்கியில் வேலை. தோழிகள் இழுத்த இழுப்பில், பிப்ரவரியில் நடக்கும் ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் பந்தயம்) பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. தினமும் நடக்கிறேன், கொஞ்சம் ஓடவும் செய்வேன். சைக்கிள் பள்ளி நாள்களோடு சரி. இப்போது காலேஜ் படிக்கும் மகனின் கியர் சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. நீச்சல் போன வருடம்தான் கற்றுக்கொண்டேன். 25 மீட்டர் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறேன். பந்தயமோ கடலில்! நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எல்லோருக்கும் கடைசியாக வந்து நிற்பேனோ என்றும் பயம். இப்போதே விலகிவிடலாமா?
– பெயர் வேண்டாமே, சென்னை

பதில்: இப்போதே விலக வேண்டாம். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், இதுதான் ஸ்பிரிண்ட். கடைசி இரண்டும் உங்களுக்குப் பெரிய பாடு இல்லை. கடிதத்தில் பாதி நீச்சலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். பயிற்சியிலும் பாதி அதற்கே போகட்டும்.

தினமும் நடந்து ஓடுகிறவருக்கு 25 மீட்டரில் தெம்பு தீர்ந்துவிடாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. புதிதாகக் கற்கிற பெரியவர்கள் பலரும் செய்வதுதான். அப்புறம் தலையைத் திருப்புகிற அந்த அரை நொடியில், பழைய காற்றை வெளியே விட்டுப் புதிய காற்றையும் உள்ளே இழுக்கப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் நேரம் போதாது. உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேரச் சேர, மூச்சு முட்டுகிற உணர்வு வரும், பதற்றம் வரும், கைகால் வேகமெடுக்கும். சுவர் வந்தால் போதும் என்றாகிவிடும்.

அதனால் முதல் இரண்டு வாரம் தூரத்தை மறந்துவிடுங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை அமுக்கி, மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாகக் காற்றை விடுங்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளே மட்டும் இழுங்கள். பக்கத்து லேனில் குழந்தைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இது பழகியதும், இப்போது நீந்துவதைவிட மெதுவாக, பாதி வேகத்தில் நீந்திப் பாருங்கள். 50 மீட்டர், கொஞ்சம் ஓய்வு, மறுபடி 50. பிறகு 100, 200 என்று நீட்டலாம். வேளச்சேரி நீச்சல் வளாகத்தின் 50 மீட்டர் குளத்தில் 15 நீளம் போனால் 750 முடிந்தது.

நடுவில் மூச்சு வாங்கினால் மல்லாந்து மிதந்து ஓய்வெடுக்கலாம். பந்தயத்திலும் அதற்குத் தடை இல்லை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக் அடிக்கலாம். பந்தய வழியைக் காட்டும் மிதவையையோ நிற்கிற படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம். அதைப் பிடித்து முன்னால் நகரத்தான் கூடாது. முடியவில்லை என்றால் கையைத் தூக்குங்கள், தண்ணீரில் காவலுக்கு இருப்பவர்கள் வந்துவிடுவார்கள்.

கடலுக்கு வருவோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நம் பக்கக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அந்த மாதங்கள் குளத்துக்கு. ஜனவரியில் அலை அடங்கிய காலைகளில் பயிற்சியாளரோடும் குழுவோடும் இறங்குங்கள். எவ்வளவு நன்றாக நீந்த வந்தாலும் தனியாக வேண்டவே வேண்டாம். குளத்தைப்போலத் தரையில் கோடு இருக்காது. ஆறேழு வீச்சுக்கு ஒருமுறை, முதலை மாதிரி கண்ணை மட்டும் நீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பார்த்துத் திசை சரிசெய்ய வேண்டும். இதைக் குளத்திலேயே பழகிவிடலாம். ஒரு நல்ல செய்தி, உப்புத் தண்ணீர் உடம்பைக் கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கும்.

பந்தய நாளில் முன்வரிசைக்குப் போகாதீர்கள். கூட்டம் இறங்கிப் பத்துப் பதினைந்து நொடி கழித்து, ஓரமாக இறங்குங்கள். யார் காலும் முகத்தில் படாது. அந்த நொடிகளால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சைக்கிளுக்காகக் கடன் வாங்கிச் செலவு செய்யாதீர்கள், மகனுடையது போதும். பிரேக், டயர் காற்று, சீட் உயரம் மூன்றையும் கடையில் பார்த்துக்கொள்ளுங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் உயரம் சரி. ஈசிஆரில் விடிகாலையில் ஓட்டுகிற குழு ஒன்றோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஹெல்மெட்டும் விளக்கும் கட்டாயம்.

வாரம் ஒருநாள், சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு பத்து நிமிடம் ஓடுங்கள். முதல் தடவை கால் உங்களுடையதாகவே இருக்காது! நாலைந்து வாரத்தில் பழகிவிடும். நீச்சல் மூன்று நாள், சைக்கிள் இரண்டு, ஓட்டம் இரண்டு (அதில் ஒன்று சைக்கிளை விட்டு இறங்கி ஓடுகிற அதே நாள்), ஒருநாள் முழு ஓய்வு. வேலைக்குப் போகிறவருக்கு இதற்கு மேல் தாங்காது.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறுகிற இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஹெல்மெட்டை மாட்டி, வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டனை உண்டு. சைக்கிளில் ஏறுவதும், அதற்கென்று தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டிய பிறகுதான். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஒரு துண்டை விரித்து, ஷூ, ஹெல்மெட் வைத்து ஒத்திகை பாருங்கள். காலில் மணல் கழுவ ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், மணலோடு 5 கிலோமீட்டர் ஓடினால் கொப்புளம்தான். மூன்றுக்கும் ஒரே உடை போதும். கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் முப்பது ஆண்டுப் பந்தயங்களை ஆராய்ந்தபோது, உயிரிழப்போ திடீர் இதய நிறுத்தமோ நேர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது நீச்சலில்தான் நேர்ந்திருந்தது. மிக அரிது, ஆனாலும் நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள். டாக்டரைப் பார்த்து, இசிஜியும் தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனையும் எடுத்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள்.

கடைசியாக வருவது பற்றிக் கேட்டீர்கள். யாராவது ஒருவர் வந்துதானே ஆக வேண்டும்? 1978ல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேன் என்ற நெடுந்தூர டிரையத்லானில் தொடங்கியதே 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். உங்களுக்கு முக்கியம் இடம் அல்ல, நீச்சலுக்கான கால வரம்பு. அது எவ்வளவு என்று அமைப்பாளர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். பொங்கலுக்குள் குளத்தில் 750 மீட்டரைப் பதற்றமில்லாமல் முடிக்க வராவிட்டால், ஓட்டமும் சைக்கிளும் மட்டும் உள்ள டூயத்லானுக்கு மாற்றித் தருவார்களா என்பதையும் அதே போனில் கேட்டுவையுங்கள்.