5.0 எஞ்சினுக்குப் பழைய 302 ஃப்ளைவீல் சேருமா?

சேராது. 1989 ஃபோர்டு 5.0 லிட்டர் எஞ்சினைக் கட்டி 1968 மஸ்டாங் காரில் ஏற்றியிருக்கிறீர்கள், ஓடும்போது அதிர்கிறது என்கிறீர்கள். அதில் பழைய 302-இன் (ஃபோர்டின் முந்தைய எஞ்சின்) ஃப்ளைவீலும் டேம்பரும் வேண்டவே வேண்டாம்; இவை கிராங்கின் (எஞ்சினின் சுழலும் தண்டு) பின்முனையிலும் முன்முனையிலும் பூட்டும் சக்கரங்கள். அந்த அதிர்வுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: பழையவை 28 அவுன்ஸ் பேலன்ஸ் (கிராங்கைச் சமன் செய்ய இவற்றில் ஒருபக்கமாக வைக்கும் எடையின் அளவு), 5.0-க்கு வேண்டியது 50 அவுன்ஸ். இப்படியே ஓட்டினால் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் வீணாகிவிடும், தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் பேனைக் கழற்றி கிராங்கில் வார்த்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். 2எம்ஏஇ (2MAE) என்றிருந்தால் 50 அவுன்ஸ்தான். ஆனால் முன்பு யாராவது லேத் பட்டறையில் மறுபேலன்ஸ் செய்திருந்தால் அந்த எழுத்தை நம்ப முடியாது, விற்றவரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், டேம்பரின் மேல் பூட்டும் 1968 புல்லிக்கு (பெல்ட் ஓடும் சக்கரம்) மூன்று போல்ட், 5.0 டேம்பருக்கு நான்கு. மூன்று போல்ட் துளையுள்ள 50 அவுன்ஸ் டேம்பர் தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.