சாட்சி இல்லையே, யாருக்கா நம்புவாங்க?

சில நிறுவனங்களின் உள்ளகப் புகார்க் குழுவில், அதாவது பாலியல் தொல்லைப் புகாரை நிறுவனத்துக்குள்ளேயே விசாரிக்கும் குழுவில், பல ஆண்டுகளாக வெளி உறுப்பினராக (அந்த நிறுவனத்தில் வேலை செய்யாதவர்) இருக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் நடக்கும் பாலியல் தொல்லை பற்றி வந்த கேள்விகள் இவை. பதில்கள், இதைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி.

திருப்பூர்ல பனியன் கம்பெனியில டெய்லரா இருக்கேன். தையலைப் பாக்குற சாக்குல சூப்பர்வைசர் இடுப்பைத் தொடுறாரு. கேட்டா, "தெரியாம பட்டுருச்சும்மா"ங்கறாரு. சாட்சி இல்ல. யாருக்கா நம்புவாங்க?

நான் நம்புகிறேன், தங்கச்சி. இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கு. தேதி, நேரம், எந்த லைன், எந்த மெஷின், அவர் என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய், அக்கம்பக்கத்தில் யார் இருந்தார்கள் எல்லாம் எழுது. அன்று மதியம் சாப்பிடும்போது தோழியிடம் சொல்லி அழுதிருந்தால் அதையும் எழுது. அவள் கண்ணால் பார்க்காவிட்டாலும், நீ அன்றே சொன்னாய் என்று அவள் சொல்வதற்கு மதிப்பு உண்டு. வீட்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதே. இந்த மாதிரிக் காரியத்தை யாரும் பத்துப் பேர் பார்க்கச் செய்வதில்லை. குழுவில் உட்காரும் எங்களுக்கும் அது தெரியும். தேதி போட்டு எழுதிய நாலு வரி, பல விசாரணைகளில் உண்மையைப் பிடித்து நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம்; புகாரை அதனிடம் கொடு. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும்; உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். உனக்கு எழுத வராவிட்டால், புகாரை எழுதக் குழுவினரே உதவ வேண்டும். விசாரணை முடியும்வரை அந்த சூப்பர்வைசருக்குக் கீழே வேலை பார்க்க முடியாது என்றால் இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ எழுதிக் கேள். அந்த விடுப்பு உன் வழக்கமான லீவில் கழியாது.

ஜெராக்ஸ் கடையில வேலை. மொத்தம் மூணு பேர்தான். தொல்லை குடுக்கறதே ஓனர்.

பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் அங்கேதான் புகார் தர வேண்டும். அவர்களில் பலருக்கு இப்படி ஒரு குழு இருப்பதே தெரியவில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம். தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

நடந்து நாலு மாசம் ஆச்சு. பயத்துல சொல்லல.

கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம்தான் கெடு. ஆனால் தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். எதற்குப் பயந்தீர்கள் என்று விவரமாக எழுதி, இந்த வாரமே கொடுங்கள்.

"நிரூபிக்க முடியலன்னா பொய்ப் புகார்னு உன்னையே வெளிய அனுப்பிடுவாங்க"ன்னு மேனேஜர் சொல்றார். நிஜமா?

இல்லை. நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே பொய்ப் புகார் ஆகாது என்று சட்டத்தின் 14வது பிரிவே சொல்கிறது. கெட்ட எண்ணத்தோடு கொடுத்த புகார் என்பதைத் தனியே விசாரித்து உறுதி செய்ய வேண்டும். மேனேஜர் இதைச் சொன்ன தேதியையும் குறித்து வையுங்கள். வேலை போய்விடும் என்று மிரட்டுவதும் புகாரில் சேரும்.

நான் விளையாட்டாத்தான் பேசுவேன் மேடம். கூட வேலை பாக்குற பொண்ணு புகார் குடுத்துட்டாங்க. என் மனசுல தப்பு எண்ணமே இல்லையே?

உங்கள் எண்ணத்தைவிட, அது அவருக்கு எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது. புகாரின் நகல் உங்களுக்கு வரும். கிடைத்த 10 வேலை நாளுக்குள் பதில் தரலாம். குழுவின் முன் இரண்டு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. அவரிடம் நேரில் பேசிச் சரிக்கட்டப் போகாதீர்கள், யார் மூலமாகவும் தூது விடாதீர்கள். சமரசம் வேண்டும் என்று கேட்கும் உரிமை புகார் கொடுத்த பெண்ணுக்கு மட்டுமே. அதிலும் பணப் பேச்சு கூடாது.