ரயில் இல்லாத ஸ்டேஷனில் என்ன காட்டுவது?

அண்ணா, வணக்கம். போன ஞாயிறு பிள்ளைகளைப் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். தொடக்கநிலை 2 படிக்கும் சின்னவன் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, "ரயில் எங்கம்மா?" என்றான். பெரியவள் நிழலில் உட்கார்ந்து போனை எடுத்துவிட்டாள். அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். டிசம்பர் விடுமுறைக்குச் சென்னை போகிறோம். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போயே ஆக வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். அங்கேயும் இதே கதைதானா?
– செங்காங் வாசகி, சிங்கப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

சின்னவன் கேட்டது நியாயம்தான். 2011 ஜூன் 30 இரவோடு அந்தப் பாதையில் ரயில் நின்றுவிட்டது. இப்போது மலேசிய ரயில் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸோடு சரி. 1932இல் கட்டிய நிலையத்தை அழகாகப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் எட்டு வயதுப் பையனுக்குக் கட்டடம் எதற்கு?

அங்கே சொல்ல வேண்டியது டோக்கன் கதை. கடைசி நிலையமான தஞ்சோங் பகார் வரை ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளையே முதலில் கேளுங்கள். பதிலைச் சத்தமாகவே சொல்வார்கள்! ஒரு ரயில் ஒதுங்கி நிற்க புக்கிட் தீமாவில் இரட்டைத் தண்டவாளம் இருந்தது. அங்கிருந்து அடுத்த பகுதிக்குள் நுழைய ஓட்டுநர் கையில் டோக்கன் இருந்தாக வேண்டும். டோக்கன்களை வைக்கும் கருவி அந்தப் பகுதியின் இரு முனையிலும் இருக்கும். ஒன்றை வெளியே எடுத்துவிட்டால் இரண்டு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அது திரும்பக் கருவிக்குள் போகிற வரைக்கும் இன்னொன்றை எடுக்க முடியாது. அந்த டோக்கனைப் பெரிய வளையத்தில் மாட்டிக் கொடுப்பார்கள். நகரும் ரயிலிலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசி நாள் வரை இப்படித்தான் நடந்தது. எம்ஆர்டி நகர ரயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும்.

சென்னை போவதற்குள் இன்னொரு முறை புக்கிட் தீமா போய் வாருங்கள். ஒரு பிளாஸ்டிக் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவள் ஸ்டேஷன் மாஸ்டர், சின்னவன் ஓட்டுநர். ஓடிக்கொண்டே வாங்க வேண்டும், நிற்கக் கூடாது. போன் தானாகப் பைக்குள் போய்விடும்.

அப்புறம் ஒரு அளவு டேப். அங்கே இரண்டு தண்டவாளங்களின் உட்புறங்களுக்கு நடுவே அளந்தால் சரியாக ஒரு மீட்டர். மலாயாவில் அந்த மீட்டர் பாதையைப் போட்டதில் தமிழ்நாட்டுக் கூலிகளின் உழைப்பு நிறைய. அலுவலக மேசைகளில் யாழ்ப்பாணத்தார் இருந்தார்கள். எழும்பூரிலிருந்து தெற்கே போன ரயில்களும் பல காலம் அதே மீட்டர் பாதையில்தான் ஓடின. சென்னையில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போங்கள். கரிப்புகை கண்ணில் விழுந்த கதைகளைப் பலகையில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

அருங்காட்சியகத்தில் பழைய இஞ்சின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில் நிற்கின்றன. சின்னவனுக்குக் குட்டி ரயில் சவாரியும் உண்டு, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மற்றதெல்லாம் வீண். நீராவி இஞ்சின் முன்னால் நின்று, தண்ணீர் எங்கே, கரி எங்கே, சக்கரத்தைத் தள்ளும் தடி எது என்று அவனையே தேடச் சொல்லுங்கள். எந்த வண்டி எந்தப் பாதைக்குரியது என்று பெரியவள் அளந்து சொல்லட்டும். இந்தியாவின் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், நம் எம்ஆர்டி 1435. ஓடுகிற பாதையில் மட்டும் இறங்க விடாதீர்கள்.

தையல் டேப் எடுத்துப் போகாதீர்கள். அது ஒன்றரை மீட்டரோடு முடிந்துவிடும், அகலப்பாதைக்குப் பற்றாது.