வாசகர் கேள்வி: கன்டெய்னரில் எத்தனை பெட்டிகள் ஏறும்?

கேள்வி: எங்கள் அட்டைப்பெட்டி 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்டது, எடை 25 கிலோ. 20 அடி கன்டெய்னரின் கொள்ளளவைப் பெட்டியின் கன அளவால் வகுத்தால் 345 வருகிறது. சரக்கு ஏற்றுபவரோ 225தான் ஏறும் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே சரியல்ல. சுமார் 33.1 கன மீட்டர் கொள்ளளவை 0.096 கன மீட்டரால் வகுத்தால் 345 வருவது உண்மைதான். ஆனால் பெட்டி தண்ணீரைப் போல இடுக்குகளில் பரவுவதில்லை. வகுக்க வேண்டியது நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைத் தனித்தனியாக. கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 5.89 மீட்டர் நீளம், 2.35 அகலம், 2.39 உயரம். எல்லாப் பெட்டிகளையும் நீளவாக்கில் வைத்தால் 9 × 5 × 5, அதாவது 225. சரக்கு ஏற்றுபவர் இந்தக் கணக்கோடு நின்றுவிட்டார்.

மூன்று வரிசைகளைக் குறுக்காகத் திருப்பி, வரிசைக்கு 14 பெட்டிகளாக அடுக்கி, பக்கவாட்டில் மிஞ்சும் இடத்தில் நீளவாக்கில் 9 பெட்டிகள் கொண்ட ஒரு வரிசையை நுழைத்தால், ஓர் அடுக்கில் 51 பெட்டிகள் அமரும்; ஐந்து அடுக்குகளில் 255. ஆனால் அளவெடுக்க வேண்டியது காலிப் பெட்டியை அல்ல, சரக்கு நிரப்பிய பெட்டியை. ஒவ்வொன்றும் 2 செ.மீ. புடைத்தாலும் 14 பெட்டிகள் 5.88 மீட்டருக்குள் நெருக்கியடித்து நின்றுவிடும், 3 செ.மீ. புடைத்தால் பதினான்காவது பெட்டிக்கு இடமில்லை.

உங்கள் உண்மையான இழப்பு உயரத்தில்தான் இருக்கிறது. ஐந்து அடுக்குகளுக்கு மேலே எஞ்சும் இடம் 39 செ.மீ.; ஒரே ஒரு செ.மீ. குறைவதால் ஆறாவது அடுக்கு கைநழுவிப் போகிறது. அதற்காகப் பெட்டியின் உயரத்தை 39 ஆக்கிவிடாதீர்கள். கதவுத் திறப்பின் உயரம் சுமார் 2.28 மீட்டர் மட்டுமே என்பதால், கடைசி வரிசையின் மேல்பெட்டி நிலையில் முட்டிக்கொள்ளும். சரக்கு இடம் கொடுக்குமானால் 37 செ.மீ. பெட்டி செய்யச் சொல்லுங்கள். ஆறு அடுக்குகள் 2.22 மீட்டரில் முடிந்து, 306 பெட்டிகள் ஏறும். பெட்டிக்குள் சற்று இடம் குறைந்தாலும், மொத்தச் சரக்கின் அளவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஆனால் அடிப்பெட்டி தன்மேல் ஐந்து பெட்டிகளைத் தாங்க வேண்டும். அட்டையின் வலுவை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

எடை உங்களுக்குக் கவலையில்லை. 306 பெட்டிகள் 7,650 கிலோதான்; இத்தகைய கன்டெய்னர் பொதுவாகச் சுமார் 28 டன் தாங்கும். ஓடு, கருங்கல் ஏற்றுபவர்களுக்கோ பாதி இடம் நிரம்புவதற்குள்ளேயே எடை வரம்பு வந்துவிடும். அவர்கள் கணக்கை எடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.