கால்சியம் ஸ்கோரும் கணினி எஃப்எஃப்ஆரும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குக் கால்சியம் ஸ்கோர் 140. எத்தனை சதவீத அடைப்பு சார்?

பதில்: இது அடைப்பின் அளவே இல்லை. சாய மருந்து செலுத்தாமல், ஈசிஜியோடு ஒத்திசைத்து, 3 மி.மீ. தடிமனில் எடுக்கும் சிடி படங்களில் 130 ஹவுன்ஸ்ஃபீல்டும் (சிடியில் அடர்த்தியின் அலகு) அதற்கு மேலும் உள்ள இதய ரத்தக்குழாய்ச் சுண்ணாம்புத் திட்டுகளின் பரப்பை, அடர்த்திக்கேற்ப 1 முதல் 4 வரை பெருக்கிக் கூட்டிய தொகை. 1990-இல் அகாட்ஸ்டன் குழு வகுத்த கணக்கு. 100-ஐத் தாண்டினால் ஸ்டாடின் (கொலஸ்ட்ரால் குறைக்கும் மருந்து) தொடங்குவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: ஸ்டாடின் சாப்பிட்டும் ஸ்கோர் ஏறிவிட்டது. நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. ஸ்டாடின் குழாய்ச் சுவரில் உள்ள மிருதுவான கொழுப்புப் படிவைக் கெட்டியாக்கும், அதனால் ஸ்கோர் ஏறலாம். மருந்து வேலை செய்கிறதா என்று எல்டிஎல்லில் (கெட்ட கொலஸ்ட்ராலில்) பாருங்கள்.

கேள்வி: வயரே செலுத்தாமல் சிடியில் எஃப்எஃப்ஆர் எப்படி வருகிறது? நம்பலாமா?

பதில்: எஃப்எஃப்ஆர் என்பது அடைப்பைத் தாண்டி எவ்வளவு ரத்த அழுத்தம் மிஞ்சுகிறது என்ற விகிதம்; வழக்கமாகக் குழாய்க்குள் வயர் செலுத்தி அளப்பார்கள். சிடியில் அப்படியில்லை: சாயம் செலுத்தி எடுக்கும் சிடி ஆஞ்சியோ படத்திலிருந்து இதய ரத்தக்குழாய்களின் முப்பரிமாண வடிவத்தை எடுப்பார்கள். இதயத் தசையின் எடையை வைத்து ஓய்வுநிலை ஓட்டத்தை அனுமானிப்பார்கள். குழாயை விரியவைக்கும் அடினோசின் மருந்தைக் கொடுத்தால் நுண்குழாய்த் தடை எவ்வளவு குறையுமோ அந்த அளவு குறைத்து, திரவ ஓட்டத்துக்கான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினி தீர்க்கும். குழாயின் ஒவ்வொரு இடத்து அழுத்தத்தையும் மகாதமனி அழுத்தத்தால் வகுத்தால் எஃப்எஃப்ஆர். 0.80 அல்லது அதற்குக் கீழே போனால் ரத்தம் போதவில்லை என்று பொருள்.

கணக்கு சரிதான். கெடுவது பெரும்பாலும் படம். ரத்த ஓட்டத்துக்கான தடை, குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுகிறது: ஆரத்தை 10 சதவீதம் குறைத்து வரைந்தாலே தடை ஒன்றரை மடங்காகிவிடும். சுண்ணாம்புத் திட்டு படத்தில் ஊதித் தெரிவதும், துடிப்பு வேகத்தில் குழாய் படத்தில் படிபடியாக உடைந்து தெரிவதும் இதைத்தான் செய்கின்றன. அதனால்தான் மெட்டோபுரோலால் கொடுத்துத் துடிப்பை 60-க்கு அருகில் கொண்டுவந்து, நாக்கடியில் நைட்ரோகிளிசரின் வைத்துக் குழாயை விரியவிடுகிறார்கள். ஆஸ்துமா இருந்தாலும், சில்டெனாஃபில் (வயாக்ரா) சாப்பிட்டிருந்தாலும் கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டென்ட் உள்ள குழாயில் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

கேள்வி: எல்ஏடி (இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய்) நுனியில் எஃப்எஃப்ஆர் 0.76. அடைப்போ தொடக்கத்தில், 50 சதவீதம்தான். ஸ்டென்ட் வேண்டுமா?

பதில்: நுனி எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். நல்ல குழாயிலும் நீளம் போகப்போக அழுத்தம் குறையும். அடைப்பைத் தாண்டி 2 செ.மீ. தள்ளி என்ன எண் என்று கேளுங்கள். அங்கே 0.86 என்றால் அந்த அடைப்புக்கு மருந்தே போதும். அங்கும் 0.75–0.80 என்றால் கேத்லாபில் (ஆஞ்சியோ செய்யும் அறையில்) வயர் வைத்து அளந்துவிடுவது நல்லது.

கேள்வி: 38 வயது, சிகரெட் உண்டு, நடந்தால் நெஞ்சு அழுத்துகிறது. கால்சியம் ஸ்கோர் 0. நிம்மதியா இருக்கலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. சுண்ணாம்பு ஏறாத படிவு இதில் தெரியாது. இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தினால் நேரே எமர்ஜென்சிக்கு.