லீவு கேட்கும் சிஸ்டர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். டூட்டி லிஸ்ட் போட்டு ஒட்டிய பிறகும், சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வருகிறது: "சிஸ்டர், பையனுக்குக் காய்ச்சல், நைட் வர முடியாது." வருகிறவர்களும் ஏனோதானோ என்று வேலை பார்க்கிறார்கள். கண்டிப்பு காட்டினால் சரியாகுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஆகாது. பையனுக்குக் காய்ச்சல் என்றவர் அடுத்த முறை தனக்கே காய்ச்சல் என்பார், அவ்வளவுதான்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நடக்கிற இந்த இழுபறியை 1985-லேயே கிரீன்ஹவுஸ், பியூடெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகை பிரித்தார்கள். நேரம் மோதுவது ஒன்று, ஓரிடத்துக் களைப்பும் கவலையும் இன்னோரிடத்துக்குக் கூடவே வருவது இன்னொன்று. (மூன்றாவதும் உண்டு, நமக்கு இப்போது வேண்டாம்.) உங்களுக்கு வரும் போன் முதல் வகை. ஏனோதானோ என்கிறீர்களே, அது இரண்டாவது. 12 மணி நேர நைட் முடித்து வீட்டுக்குப் போய், டிபன் கட்டி, பிள்ளையை வேனில் ஏற்றி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பதினொரு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து மறுபடி டூட்டிக்கு வருகிறவர், ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரத்தைச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவரில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், எட்டாம் பெட்டுக்கு மருந்து மாறியது மட்டும் காதில் விழுந்திருக்காது. லீவு போட்டவரைவிட எனக்கு இவரை நினைத்தால்தான் பயம், ஏனென்றால் ரெஜிஸ்டரில் இவர் வந்தவர்.

இன்னொன்று. ஒருவர் வராவிட்டால் மதிய ஷிஃப்ட் சிஸ்டரை நைட்டுக்கும் நிறுத்துகிறீர்கள் இல்லையா? அடுத்த லீவு அவருடையது.

முதலில் லிஸ்டை இரண்டு வாரம் முன்னாலேயே ஒட்டுங்கள், ஊரிலிருந்து அம்மாவை வரச் சொல்ல அவகாசம் கிடைக்கும். இரண்டு பேர் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டால் உங்கள் கையெழுத்தோடு முடியட்டும், மேலே வரை அலைய விடாதீர்கள். நைட் டூட்டிக்குப் பிறகு வரும் ஓய்வு நாளில், அதாவது நைட் ஆஃபில், கை வைக்காதீர்கள். அப்புறம் நிர்வாகத்திடம் கேளுங்கள்: மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிற விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். அப்படியே நைட்டுக்கும் திறந்து வைக்கச் சொல்லுங்கள், பகலில் மட்டும் திறக்கிற காப்பகம் நைட் சிஸ்டருக்கு எதற்கு?

கேள்வி: என் மனைவி நர்ஸ். நைட் டூட்டி முடிந்து வந்தாலே எரிந்து விழுகிறாள். வேலையை விடச் சொல்லலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதற்கு முன்னால் ஒரு மாதம் காலை டிபனையும் பள்ளி வேனையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறமும் எரிந்து விழுந்தால் எழுதுங்கள்.