லத்தீன் வகுப்பில் நிஜமான ரோமக் காசுகளைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதால் பயன் உண்டா, வெறும் வேடிக்கையா?

எந்தக் காசைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் லத்தீன் மன்றத்துக்குப் பல வருடமாக உதவுகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

சீசர், புரூட்டஸ் என்று பெரிய பெயர்களைத் தேடிப் போக வேண்டாம். சீசர் கொலையைக் கொண்டாடி புரூட்டஸ் கி.மு. 42 வாக்கில் அடித்த காசில் இரண்டு குத்துவாளும், விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பியும் இருக்கும். அதைப் படத்தில் காட்டினால் போதும். நான் எடுத்துப் போவது கி.பி. 330-களின் சின்ன வெண்கலக் காசுகள். ஏராளமாக அடித்ததால் தேய்ந்தவை இன்றும் சில பவுண்டுக்குக் கிடைக்கும்.

அதில் ஒன்றில் தலைப் பக்கம் தலைக்கவசம் அணிந்த, ரோம் நகரின் உருவமான ரோமா தேவி, மறுபக்கம் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய். கான்ஸ்டான்டிநோபிள் புதுத் தலைநகரானபோது பழைய ரோமையும் மறக்கவில்லை என்று காட்ட வெளியிட்டது. ஓநாய்ப்பால் குடித்து வளர்ந்து ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸ் கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், அதனால் கதையில் நேரம் செலவழிக்க மாட்டேன். ஓநாயின் காலடியில் இருக்கும் குட்டி எழுத்துகளை லென்ஸ் வைத்துப் படிக்கச் சொல்வேன். அது நாணயச்சாலைக் குறி, காசு எந்த ஊரில் அடித்தது என்று காட்டும். ஒருவர் கையில் டிரியர், இன்னொருவர் கையில் சிஸ்கியா, அடுத்தவரிடம் அந்தியோக்கியா. வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் இன்றைய ஜெர்மனி, குரோஷியா, துருக்கி என மூன்று மூலைகளிலும் அதே ஓநாய். பேரரசு எவ்வளவு பெரியது என்று அதன்பிறகு நான் விளக்கத் தேவையில்லை.

இலக்கணத்துக்குப் பேரரசர் டிராஜனின் தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசு நல்லது. எழுவாயாக 'டிராஜானுஸ்' என்று வராமல் 'டிராஜானோ' என்று பொறித்திருக்கும் காசுகள் நிறைய. நம் நான்காம் வேற்றுமைதான், 'டிராஜனுக்கு'. பின்பக்கத்தில் 'ஆப்டிமோ பிரின்கிபி' என்பதன் சுருக்கம், அதாவது மிகச் சிறந்த தலைவனுக்கு. செனட்டும் மக்களும் அவனுக்கு அர்ப்பணிப்பதுபோல வாசகம். ஐந்தாம் முறை கான்சல் (ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவி) என்று இருந்தால் கி.பி. 103-க்கும் 111-க்கும் இடைப்பட்டது. வேற்றுமை உருபு பரீட்சைக்கு மட்டுமல்ல, ஆட்சியாளனைப் புகழவும் பயன்பட்டது என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது.

வெள்ளிக்காசுகளை வரிசையாக வைத்தால் பொருளாதாரமும் வந்துவிடும். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் கிட்டத்தட்டச் சுத்த வெள்ளி. பேரரசர் நீரோ கி.பி. 64-ல் எடையையும் தரத்தையும் குறைத்தார். 260-களில் பேரரசர் கேலியேனஸின் காசு பார்வைக்கே செம்பு. பணவீக்கம் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதை அந்த வரிசை ஐந்து நிமிடத்தில் முடிக்கும்.

எனக்குக் கடுமையான கருத்து உள்ள ஒரு விஷயம்: மண்ணும் களிம்புமாக, 'சுத்தம் செய்யாத காசு' என்று மொத்தமாக விற்பதை வாங்காதீர்கள். சுரண்டிப் பார்ப்பது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் எங்கே தோண்டியது, யார் தோண்டியது என்ற தடமே இருக்காது. இடம் தெரியாத காசு வரலாற்றில் பாதியை இழந்த காசு. அருங்காட்சியகங்கள் சில பள்ளிகளுக்கு இரவல் பெட்டி தருகின்றன, அதைக் கேளுங்கள். அதில் ரோமர் காலக் கூரை ஓட்டுத் துண்டும் வந்தால் அதிர்ஷ்டம். ஈரமாகக் காய வைத்த ஓட்டின்மேல் நாய் நடந்த கால் தடம் பதிந்தவை உண்டு. சக்கரவர்த்திகளைவிட அந்த நாய்க்குத்தான் வகுப்பில் ரசிகர்கள் அதிகம்.

காசே கிடைக்காவிட்டால் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் இணையப் பட்டியலில் பேரரசுக் கால வகைகளைப் படங்களோடு இலவசமாகத் தேடலாம்.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இன்னும் சுலபம், எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே ரோமக் காசுகள் இருக்கின்றன. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. பணமாகப் புழங்காமல் தடுக்க வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். அதை உடனே சொல்லிவிடாமல், முதலில் பிள்ளைகளை வாதாட விடுங்கள்.